உழவர் சந்தையில் உழவர் யார்?



கொஞ்ச நாளாகவே நம் கூட்டங்களுக்கு வருகிற கல்லூரி மாணவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். 'உள்ளூர் உணவு', 'நஞ்சில்லா உணவு', 'மரபு விதை', 'நிலைத்த வேளாண்மை' என்று நகரத்தில் பேச்சு கூடிக்கொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்காவது ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் குதிரைவாலியும் விற்கிறார்கள். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்தது. இதில் தலித் இயக்கத்துக்கு என்ன வேலை? இதுதான் அவர்கள் கேள்வி.

நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று: "அதெல்லாம் வயிறு நிறைஞ்சவன் பேச்சு. ரேசன் அரிசியை நம்பிக் கெடக்குற சேரிக்குக் கைக்குத்தல் அரிசி எதுக்கு?" இன்னொன்று: "மண்ணோடு மல்லுக்கட்டியவர்கள் நாம்தானே, மரபு விவசாயமே நம்முடையதுதானே, சேர்ந்து நின்றால் என்ன?" முதல் பதிலில் கோபம் இருக்கிறது. இரண்டாவதில் ஆசை இருக்கிறது. இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. விளைந்ததைக் கொண்டுவந்து விற்கிற இடம் யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடியிருக்கிறது என்ற கேள்வி அது. நகரத்தின் பொதுச் சந்தையைப் பற்றி இந்தத் தலையங்கத்தில் பேச நினைப்பது அதனால்தான்.

நான் பார்த்து வளர்ந்த சந்தை மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான். 1999 நவம்பர் 14 அன்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' வந்தது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. தமிழ்நாட்டில் 2001க்குள் ஏறத்தாழ நூறு ஊர்களில் உழவர் சந்தை பரவியது. ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2006இல் மறுபடி உயிர் பெற்று, பின்னர் எண்ணிக்கை 180ஐத் தாண்டியது.

அதன் ஏற்பாடு எளிமையானது. விவசாயிக்கு அரசு ஒரு புகைப்பட அடையாள அட்டை தருகிறது. அட்டை உள்ளவர் விடிகாலையில் சரக்கோடு வருகிறார். கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையிலேயே கிடைக்கிறது. அரசுப் பேருந்தில் காய்கறி மூட்டைக்குச் சுமைக் கட்டணம் இல்லாமல் வரலாம். அன்றைய மொத்த விலையை விசாரித்து அதிகாரிகளும் விவசாயிகளும் காலையிலேயே விலை வைக்கிறார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளியே விற்கிற சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அந்த விலை கரும்பலகையில் எழுதப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று கூட இருந்தால் போதும், யாரையும் யாரும் ஏமாற்ற முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, இது நல்ல ஏற்பாடு. பெரிய பெரிய சொற்களில் பேசப்படுகிற 'நிலைத்த தன்மை' இங்கே சத்தமில்லாமல் நடக்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலோ மேலூர்ப் பக்கத்திலோ பறித்த கத்தரிக்காய் வழக்கமான பாதையில் போனால் என்ன ஆகும்? கமிஷன் மண்டிக்குப் போகும். ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழியும். லாரி ஏறி வேறு ஊர் போகும். வாடி வதங்கி ஒரு பங்கு குப்பைக்குப் போகும். அதே கத்தரிக்காய் உழவர் சந்தைக்கு வந்தால் இருபது முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, அன்றைக்கே ஒரு வீட்டு அடுப்பில் வெந்துவிடும். குளிர்பதனக் கிடங்கு வேண்டாம், பிளாஸ்டிக் உறை வேண்டாம், டீசல் புகை குறைவு. கால் கிலோ வாங்குபவருக்கும் அதே விலைதான். மீந்த தண்டும் தழையும் மாட்டுக்குப் போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. மொத்த வியாபாரிக்கு ஒரே மாதிரியான சரக்கு லாரி லாரியாக வேண்டும். அதனால் நிலத்திலும் ஒரே பயிர்தான் நிற்கும். சில்லறையாக நேரே விற்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாலு பாத்தி தண்டங்கீரை, இரண்டு பந்தல் பீர்க்கு, வரப்போரம் அகத்தி, கொல்லையில் முருங்கை என்று கலந்து போட்டால்தான் தினமும் கையில் காசு நிற்கும். மண்ணுக்கும் அது நல்லது, சாப்பிடுகிறவருக்கும் நல்லது. சொட்டைக் கத்தரியும் வளைந்த புடலையும் மாலில் விலைபோகாது. உழவர் சந்தையில் விலைபோகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம்முடைய கேள்விக்கு வருகிறேன்.

'உள்ளூர்' என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு வருகிற இனிமை நமக்கு வருவதில்லை. நமக்கு ஊர் வேறு, சேரி வேறு. மதுரைக்குப் பக்கத்தில் டி. கல்லுப்பட்டியில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலை 1945இல் வெளியிட்டார். இயற்கையைச் சுரண்டாத, கிராமத்தை மையமாகக் கொண்ட பொருளாதாரம் அவர் கனவு. இன்று சூழலியல் பேசுகிறவர்கள் பலரும் அந்தக் கனவின் வாரிசுகள். ஆனால் மூன்றே ஆண்டுகள் கழித்து, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் சட்ட வரைவை முன்மொழிந்து பேசிய அண்ணல் அம்பேத்கர் அந்தக் கிராமத்தை வேறு கண்ணால் பார்த்தார். உள்ளூர்த்தனத்தின் சாக்கடை என்றும், அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் வகுப்புவாதத்துக்கும் குகை என்றும் அவர் சொன்னார். ஒருவர் மண்ணைப் பார்த்தார். மற்றவர் அந்த மண்ணின் மேல் யார் யாரை மிதித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தார். நமக்கு இரண்டு பார்வையும் வேண்டும். இரண்டாவது இல்லாத முதல் பார்வை நம்மை மறுபடி வரப்போரம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கிராமத்தில் தலித் ஒருவர் தான் விளைவித்ததை விற்க முடியுமா? 'இந்தியக் கிராமங்களில் தீண்டாமை' என்ற பெயரில் 2006இல் ஓர் ஆய்வு நூல் ஆங்கிலத்தில் வந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகிய ஐவர் எழுதியது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் விசாரித்தார்கள். ஏறத்தாழ 35 விழுக்காடு கிராமங்களில் உள்ளூர்ச் சந்தையில் தலித்துகள் பொருள் விற்கத் தடை இருந்தது. ஏறத்தாழ 47 விழுக்காடு கிராமங்களில் பால் கூட்டுறவுச் சங்கத்தில் தலித் வீட்டுப் பாலை ஊற்ற முடியவில்லை. மாடு அதே மாடு, புல் அதே புல். கறந்த கைதான் வேறு. இதுதான் 'உள்ளூர் உணவு' என்ற சொல்லின் அடியில் கிடக்கிற கசடு.

நகரத்துப் பொதுச் சந்தை நமக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான். மதுரையில் கூடையை இறக்கி வைத்தால், வாங்க வருகிறவர் முதலில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். விலை கேட்கிறார். "ஒரு ரெண்டு காய் கூடப் போடு தாயி" என்கிறார். "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. கூட்டம் நெருக்குகிறது, பஸ் போய்விடும். நகரத்தில் சாதி செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், தெரியும். ஆனாலும் ஊர்க்கடையில் கைபடாமல் காசு வாங்குகிறவர்களின் ஊரிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு, தான் பறித்த கீரையை முகம் தெரியாத ஒருத்தி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போவது சின்ன விசயம் இல்லை. அரசுச் சந்தையின் தரையில் உட்கார்வதற்கு எந்த அம்பலக்காரரிடமும் அவள் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பொது என்ற சொல்லுக்கு நாம் அறிந்த அர்த்தம் அதுதான். பொதுக்குளத்துக்கும் பொதுச்சாலைக்கும் போராடிய நமக்குப் பொதுச் சந்தையும் அதே வரிசையில் வருகிற உரிமை.

இப்படிப்பட்ட இடத்தின் வாசலில் அடையாள அட்டை ஒன்று நிற்கிறது.

அந்த அட்டை எப்படிக் கிடைக்கும்? நிலத்தின் சர்வே எண், பரப்பு, பயிர் எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண், தோட்டக்கலை அதிகாரிகளும் சரிபார்ப்பார்கள். வியாபாரிகள் விவசாயி வேசம் போட்டு உள்ளே வந்துவிடக்கூடாது என்பது இதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அட்டையின் கண்ணுக்கு உழவர் என்றால் நிலம் உடையவர். நாற்று நட்டவள், களை பறித்தவள், மருந்தடித்து மூச்சுத் திணறியவன், நடுச்சாமத்தில் டார்ச் வெளிச்சத்தில் காய் பறித்துச் சாக்கில் கட்டியவன், இவர்கள் யாரும் உழவர் பட்டியலில் இல்லை. அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் வரலாம். இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். கல்லாவில் உட்காருகிறவர் அட்டைக்காரர்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. நாட்டளவில் ஏறத்தாழ 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பட்டியல் சாதியினர் கையில் இருந்த பயிர்நிலம் மொத்தப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி குறுநிலம். நிலத்தின் கணக்கை அப்படியே எடுத்து அட்டையில் ஒட்டினால், நிலத்தில் இருக்கிற சாதிதான் சந்தைக்குள்ளும் வந்து உட்காரும். இதற்கு யாரும் தனியாகச் சதி செய்ய வேண்டியதில்லை. விதியை எழுதினால் போதும், அது தானாகவே நடந்துவிடும்.

"குத்தகைக்குப் பயிர் செய்தால்?" என்று கேட்கலாம். அதற்கும் காகிதம் வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம்மாட்கள் எடுக்கிற குத்தகையும் வாரமும் வாய்ப்பேச்சிலேயே முடிகிறது. காகிதத்தில் பேர் ஏறினால் நாளைக்கு உரிமை கொண்டாடுவான் என்று நிலக்காரருக்குப் பயம். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் இல்லை என்று நமக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் சட்டம் அலமாரியில் தூங்குகிறது.

நான் ஒரு வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் நாட்டின் நில உறவு நன்றாகத் தெரியும். பயிர்க்கடன் வாங்க வருகிறவர் கையில் பட்டா, சிட்டா, அடங்கல் இருக்கும். அதே பயிருக்காக இன்னொருவர் வருவார், கையில் காது தோடு இருக்கும். அவர் நகைக்கடன் வரிசையில் நிற்பார். வாரத்துக்கு நிலம் எடுத்தவர் அவர். விதைக்கும் உரத்துக்கும் அதே செலவுதான், வெயிலும் அதே வெயில்தான். விளைச்சல் பொய்த்தால் முதலாமவருக்குத் தள்ளுபடி அறிவிப்பு வரலாம். இரண்டாமவருக்கு ஏல அறிவிப்பு வரும். இந்த இரண்டு வரிசைகளும் காலையில் சந்தை வாசலிலும் நிற்கின்றன. ஒன்று உள்ளே போகிறது, ஒன்று வெளியே உட்கார்கிறது.

ஏன் நம்மிடம் நிலம் இல்லை என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வரும் மாணவர்களுக்காக நாலு வரி. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்கீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆங்கில அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அப்படித் தரப்பட்டது என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். உள்ளூர்க் காய்கறியைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் இந்த இரண்டு பெயர்களையும் நாம்தான் சொல்லவேண்டும். நிலமில்லாமல் எது உள்ளூர்?

சந்தை மதிலுக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பாருங்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் யாரும் விதைக்காத கீரை. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, பிரண்டை. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கண்மாய்க் கரையிலும் தேடிப் பறித்தது. உரம் கிடையாது, மருந்து கிடையாது, மோட்டார் கிடையாது. எது எந்த மழைக்கு முளைக்கும், எதை எந்த நோவுக்கு அரைத்துக் குடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். நஞ்சில்லா உணவு என்று தேடி அலைகிறவர்களுக்கு இதைவிட நஞ்சில்லாத உணவு வேறு எது? ஆனால் இந்தக் கீரைக்குச் சர்வே எண் இல்லை. அதனால் இவர்களுக்கு அட்டை இல்லை. நிழல் இல்லை, தராசு இல்லை, கழிப்பறை இல்லை. விரட்டினால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடவேண்டும், அம்புட்டுத்தான். சூழலுக்கு மிகக் குறைந்த சேதத்தோடு உணவு கொண்டுவருகிறவர்களுக்குத்தான் சந்தையில் மிகக் குறைந்த இடம்.

வெளியே உட்கார்ந்தவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. ஊருக்கு ஒரு விற்பனைக் குழு வேண்டும், அதில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கப்பட்டு வரவேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது அது. கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. 2020இல் ஒன்றிய அரசு இந்த வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் 10,000 ரூபாய் கடன் தருகிற திட்டம் கொண்டுவந்தது. அதற்கும் நகராட்சியின் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். நம் கீரைக்காரப் பெண்கள் எத்தனை பேர் கையில் அந்தச் சான்று இருக்கிறது? படித்த பிள்ளைகள் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

அடுத்து, எது 'உள்ளூர் உணவு'? உழவர் சந்தை காய்கனிக்கான இடம், அங்கே கறிக்கு இடம் இல்லை, அது அதன் விதி. நான் பேசுவது அந்த விதியைப் பற்றி இல்லை. உள்ளூர் உணவு என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் கருவாடு வராது, நத்தை வராது, பன்றிக்கறி வராது, மாட்டுக்கறி வரவே வராது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைகளுக்கு விதி போட்டது, இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக்கூடாது என்று. அந்த மாத முடிவிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. உழைத்து ஓய்ந்த மாட்டை விற்றால்தான் சிறு விவசாயி அடுத்த மாட்டை வாங்க முடியும். அந்தக் கறியும் தோலும் கொம்பும் எதுவும் வீணாவதில்லை. சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று புதிதாகப் பேர் வைக்கிறார்களே, அதைச் செய்ததற்காகத்தான் நம்மைத் தீண்டத்தகாதவர் என்றார்கள்.

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஆம்பூர் பிரியாணி உள்ளூர் உணவுதான், அதைவிட உள்ளூர் எது? ஆனால் மாட்டுக்கறி பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. நம் தட்டை விலக்கிவிட்டுப் பரிமாறுகிற விருந்தில் நமக்கென்ன வேலை? அதே நேரம் நம் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. கம்பங்கூழையும் கேப்பைக் களியையும் தின்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் நம் பெரியவர்களைக் கேலி செய்தார்கள். இப்போது அதே கேப்பை பளபளப்பான பாக்கெட்டில், நாம் வாங்க முடியாத விலையில் இருக்கிறது.

சந்தை முடிகிற நேரத்தையும் கவனிக்கவேண்டும். வாழைத்தார்க் காம்பும் முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் தரையில் கிடக்கின்றன. எல்லோரும் போனபின் துடைப்பத்தோடு வருகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2016இல் வந்த திடக்கழிவு விதிகள் மட்கும் குப்பையை அங்கேயே பிரித்து உரமாக்கச் சொல்லின. பிரிக்கிற கை யாருடையது? கையுறை இல்லாமல், ஒப்பந்தக் கூலியில், தலைமுறை தலைமுறையாக ஒரே சாதி அள்ளுகிற குப்பையிலிருந்து வருகிற உரத்தை வைத்து எந்த இயற்கை விவசாயம் நடந்தாலும், அதில் ஒரு அநியாயம் கலந்திருக்கிறது. சந்தைத் துப்புரவு வேலை நிரந்தர வேலையாகவேண்டும். எந்திரம் வரவேண்டும். அந்த எரு விற்ற பணத்தில் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

இவ்வளவு குறை இருக்கிறதே, அந்தச் சந்தையை ஏன் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். மாற்று எது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பல ஊர்களில் பழைய மார்க்கெட்டை இடித்து வணிக வளாகம் கட்டுகிறார்கள். கடைகள் ஏலம் போகின்றன. முன்பணம் கட்ட முடிந்தவர் உள்ளே, முடியாதவர் தெருவில். இன்னொரு பக்கம் கைப்பேசியில் தட்டினால் காய்கறி வீட்டுக்கு வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் நம் தெருப் பையன். விலை வைக்கிறவர் யாரென்று அவனுக்கும் தெரியாது, விளைவித்தவருக்கும் தெரியாது. கரும்பலகை இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. அரசுச் சந்தையிலாவது மனுக் கொடுக்கலாம், மறியல் செய்யலாம், சட்டமன்றத்தில் கேட்கவைக்கலாம். தனியார் கிடங்கின் வாசலில் போய் எந்த அரசியல் சட்டப் பிரிவைக் காட்டுவது?

2020இல் பார்த்தோமே. ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று என்று பெருமை பேசப்பட்ட கோயம்பேடு, நோய் பரவியதால் மே மாதம் மூடப்பட்டது. கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் அங்கே கொண்டுபோய்க் குவித்த வியாபாரம் அது. ஒரே இடத்தில் குவித்ததால், அது மூடியதும் சென்னைக்கே காய்கறி திண்டாட்டம். சின்னச் சின்ன ஊர்களிலோ உழவர் சந்தைகளைப் பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றி, கட்டம் போட்டு நடத்தினார்கள். பக்கத்தில் விளைந்தது பக்கத்திலேயே விற்றது. இடர் வரும் நாளில் ஊருக்குச் சோறு போடுவது பரவலாக இருக்கிற சின்னச் சந்தைகள்தான் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

ஆகவே நம் நிலைப்பாடு இது. பொதுச் சந்தை வேண்டும். அது அரசு நிலத்தில், அரசு பொறுப்பில், வாடகையில்லாமல் இருக்கவேண்டும். நிலத்தை வைத்து உழவரை அடையாளம் காண்பது மாறவேண்டும். உழைப்பை வைத்து அடையாளம் காணவேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் வாரக்காரருக்கும், கூட்டாகப் பயிர் செய்கிற நிலமற்ற பெண்கள் குழுவுக்கும், சேகரித்து விற்கிற கீரைக்காரருக்கும் அட்டை வேண்டும். "அப்படியானால் வியாபாரி நுழைந்துவிடுவானே" என்பார்கள். நூறுநாள் வேலைக்கு நம் முகத்தைப் படம் எடுத்து ஊரறியப் பதிவு செய்யத் தெரிந்த அரசுக்கு, யார் வயலில் இறங்குகிறார் என்று கண்டுபிடிக்க முடியாதா? சந்தையிலுள்ள கடைகளில், மாநிலத்தில் நம் மக்கள்தொகை எவ்வளவோ அந்த அளவுக்காவது நமக்கு ஒதுக்கீடு வேண்டும். இதையெல்லாம் பஞ்சமி நில மீட்போடு சேர்த்தே கேட்கவேண்டும், அதற்குப் பதிலாகக் கேட்கக்கூடாது.

முழக்கம் மட்டும் போதாது. மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர் உழவர் சந்தைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் செலவு. நாலு கேள்வி போதும். இந்தச் சந்தையில் இதுவரை வழங்கிய அடையாள அட்டைகள் எத்தனை? அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? குத்தகைதாரர் என்ற முறையில் அட்டை பெற்றவர் எத்தனை பேர்? துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர், அவர்கள் நிரந்தரமா, ஒப்பந்தமா, தினக்கூலி எவ்வளவு? சாதிவாரிக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், அதுவே ஒரு பதில்தான். பிறகு ஒரு வாரம் விடிகாலையில் போய், மதிலுக்கு உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வெளியே இருப்பவர்களோடு பேசுங்கள். எந்த ஊர், யார் நிலம், என்ன கூலி, எந்தக் கீரை எங்கே பறித்தது என்று எழுதுங்கள். எழுதியதை இதழுக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக வெளியிடுவோம்.

கணக்கு நம் கையில் வந்தபிறகு, அட்டை கேட்டு விண்ணப்பத்தோடு அந்தப் பெண்களை முன்னால் நிறுத்தி வேளாண் அலுவலகத்துக்குப் போவோம்.